செட்டிநாட்டுக் கோழிக்கூடு

கோழிக்கூடு என்பது வீட்டில் வளர்க்கும் கோழிகள் இரவில் அடைவதற்கும், முட்டையிடுவதற்கும், அடைகாப்பதற்கும் அமைக்கப்படும் சிறு கட்டுமானம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டுப் பகுதியில் இது கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடையாகவும், திண்ணைக்கு அடியில் விட்ட பொந்தாகவும், தகரம் அடித்த மரப்பெட்டியாகவும், கம்பிவலைக் கூண்டாகவும் பல வடிவங்களில் இருந்து வந்துள்ளது. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண், கதவு, தரை ஓடு எல்லாவற்றைப் பற்றியும் நூல்கள் உண்டு. செட்டிநாட்டுக் கோழிக் குழம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் கோழி இரவில் எங்கே அடைந்தது என்று எழுதியவர்கள் குறைவு. ஆனால் சிறு நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் ஆண்டுக்கு எத்தனை குஞ்சு பிழைக்கும், எத்தனை முட்டை விற்பனைக்கு மிஞ்சும் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கூடுதான் முடிவு செய்தது.

வேலியோரத்து வெருகு

சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர், சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் ஊராகக் கருதப்படுகிறது. குறுந்தொகையின் 139-ஆம் பாடல் இவருடையது. பரத்தையிடம் சென்று திரும்பிய தலைவனைத் தோழி எங்கள் தெருவுக்கு வரவேண்டாம் என்று தடுக்கிறாள். அதில் ஒரு கோழி வருகிறது. மாலை நேரம், வேலிப்பக்கம் காட்டுப்பூனைகள் வந்துவிட்டன. வீட்டில் வாழும் பெட்டைக்கோழி தன் குஞ்சுகளைப் பதறி அழைக்கிறது. குஞ்சுகளுக்கோ எங்கே போய் நுழைவதென்று தெரியவில்லை, ஒன்றாகக் குவிந்து நிற்கின்றன. ஊரில் எழுந்த பழிச்சொல்லுக்கு அந்தக் கோழியின் அலறல் உவமை.

உரையாசிரியர்கள் இதில் அகப்பொருளைத்தான் பார்ப்பார்கள், அது சரிதான். கோழி வளர்த்தவர் படித்தால் வேறொன்றும் கண்ணில் படும். பொழுது, பகை, நுழைவதற்கு இடம் இல்லாமை என்று கூட்டுக்கான காரணங்கள் மூன்றும் அந்தச் சில அடிகளிலேயே இருக்கின்றன. இருட்டியபின் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பூனைக்கு அதுதான் வேட்டைப் பொழுது. கிராமத்தில் 'கோழி அடையிற நேரம்' என்று பொழுதைக் குறிப்பது இதனால்தான். அந்த நேரத்துக்குள் கூட்டுக் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

சங்க இலக்கியத்தில் கோழி பெரும்பாலும் முற்றத்தில் தன்போக்கில் திரிகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண், காயவைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியைத் தன் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டுகிறாள். செல்வத்தைக் காட்டப் புலவர் சொன்ன செய்தி அது. நமக்குக் கிடைக்கும் தகவல், நகரத்திலும் கோழிகள் அவிழ்த்துவிட்டே வளர்க்கப்பட்டன என்பது. சேவலுக்கு அன்று மதிப்பு அதிகம். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்தது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்திலும் மதுராந்தகம் பக்கத்து இந்தளூரிலும் சண்டைச் சேவல்களுக்கு நடுகல் நட்டிருக்கிறார்கள். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பெட்டைக்குக் கல் கிடைக்கவில்லை. மாசாத்தியாரின் பாட்டுத்தான் கிடைத்தது.

இந்தக் கோழி வந்த வழியைப் பற்றியும் ஒரு வரி. வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. நெல், தினை போன்ற தானியப் பயிர் பரவியபோது களத்துமேட்டுக்கு இரை தேடி வந்து மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்று 2022-இல் வெளியான ஆய்வுகள் கூறுகின்றன. மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் தென்னிந்தியக் காடுகளில் உள்ள சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள்.

பஞ்சாரமும் திண்ணைப் பொந்தும்

செட்டிநாட்டுச் சிற்றூர்களில் பழைய முறைகள் இரண்டு. ஒன்று பஞ்சாரம், சில ஊர்களில் கொடாப்பு என்பார்கள். மூங்கில் பிளாச்சுகளைப் பெரிய கண் விட்டுப் பின்னிய குவிந்த கூடை இது. தாய்க்கோழியைக் குஞ்சுகளோடு பகலில் இதற்குள் கவிழ்த்து வைப்பார்கள். பருந்தும் காக்கையும் கொத்திக்கொண்டு போகாது. குஞ்சு சற்று வளர்ந்ததும் கண் வழியாக வெளியே போய் மேய்ந்துவிட்டு, தாயின் குரல் கேட்டதும் உள்ளே ஓடிவிடும். மேலே ஒரு கல்லை வைப்பது வழக்கம். ஆனாலும் பஞ்சாரம் பகலுக்குத்தான் காவல். இரவில் நாயோ பூனையோ அதைப் புரட்டிவிடும். அதனால் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்துவைப்பார்கள்.

மற்றது, சுவரோடு சேர்ந்த கூடு. மண் வீடு கட்டும்போதே திண்ணைக்கு அடியிலோ, அடுப்படிச் சுவரின் பின்புறமோ ஒரு பொந்து விட்டுக் கட்டிவிடுவார்கள். வாய் ஒரு முழம் இருக்கும். மாலையில் கோழிகள் தாமாகவே நுழைந்துகொள்ளும். ஒரு பலகையைச் சாத்தி, அது நகராமல் அம்மிக்குழவியையோ கல்லையோ முட்டுக்கொடுத்தால் வேலை முடிந்தது. செலவு ஒன்றும் இல்லை. வீட்டார் அதே திண்ணையில் படுத்திருப்பதால், கூட்டுக்குள் சிறு சலசலப்பு என்றாலும் தெரிந்துவிடும். காவல் என்ற அளவில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு பின்னால் வரவில்லை என்றே தோன்றுகிறது.

குறை உள்ளேதான் இருந்தது. காற்று ஒரு பக்கம் மட்டும், அதையும் பலகை அடைத்துவிடும். எச்சத்தைப் பெரியவர்கள் கைவிட்டு வாரமுடியாது. சிறுபிள்ளையை உள்ளே நுழையச் சொல்லித்தான் வாரவேண்டும், அதனால் எப்போதாவதுதான் வாருவார்கள். எலி குடைந்த வழியாகப் பாம்பு வரும். கீரிக்கும் மரநாய்க்கும் மண்சுவர் பெரிய தடையல்ல.

அடைவைப்பது தனிக் கலை. மண்சட்டியிலோ பனையோலைக் கூடையிலோ மணலும் உமியும் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து, இருட்டான மூலையில் கோழியை அமர்த்துவார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்று ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் கூடப் போடுவது உண்டு. ஆணியால் என்ன பயன் என்பதை விட்டுவிடலாம். அடியில் மணல் பரப்பியது சூட்டைச் சீராக வைத்தது. 21-ஆம் நாள் குஞ்சு வெளியே வரும்.

சுவருக்குப் போன முட்டை

சுமார் 1850 முதல் 1940 வரை நகரத்தார் தம் ஊர்களில் பெருவீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கப்பலில் வந்தன. ஆனால் அந்த வீடுகளின் மிகப் புகழ்பெற்ற பொருள் உள்ளூர்க்காரர்கள் அரைத்துப் பூசிய சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய், வெல்லம், சங்குச் சுண்ணாம்பு ஆகியவற்றோடு கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகும் கையால் தடவினால் சுவர் பளிங்குபோல வழுக்கும். காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருவோருக்கு வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் செய்தி இது.

அந்த முட்டைகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை. அன்று முட்டைப் பண்ணை கிடையாது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். அதிலும் ஒரு பங்கு அடைக்குப் போய்விடும். எனவே சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் வீட்டுக்கு நான்கைந்து கோழி வைத்திருந்த பெண்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவை சேர்ந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெருவீடுகளின் பளபளப்புக்குப் பின்னால் அதைவிட அதிகமான திண்ணைப் பொந்துகள் இருந்திருக்கின்றன. மாளிகையைப் பாதுகாக்கிறோம், பொந்தைப் பற்றிக் குறிப்புகூட இல்லை.

முட்டை விற்ற காசு பெண்ணின் சிறுவாட்டில் சேர்ந்தது. ஆடும் மாடும் விற்றால் பணம் ஆணின் கைக்குப் போகும். கோழியும் முட்டையும் விற்றால் அது அடுப்படிப் பானைக்குள் போகும். பிள்ளைக்குச் சிலேட்டு, திருவிழாவுக்கு வளையல், அவசரத்துக்கு மருந்து எல்லாம் அதிலிருந்துதான். கண்மாயை நம்பிய மானாவாரிப் பூமியில் மழை பொய்த்த ஆண்டில் இந்தச் சில்லறைதான் கையில் புழங்கிய ஒரே காசாகவும் இருந்திருக்கும். ஒரே இரவில் மரநாய் ஏழெட்டுக் கோழிகளைக் கடித்துப்போட்டால் அந்த வீட்டுப் பெண்ணின் சேமிப்பு முழுவதும் போயிற்று என்று பொருள்.

உண்ணியும் கழிச்சலும்

பூனையைவிடப் பெரிய பகை கூட்டுக்குள்ளேயே குடியிருந்தது. அர்காஸ் பெர்சிகஸ் எனப்படும் கோழி உண்ணி பகலில் மண்சுவர் வெடிப்பிலும் மரச்சந்திலும் ஒளிந்திருக்கும். இரவில் வெளியே வந்து உறங்கும் கோழியின் இரத்தத்தைக் குடித்துவிட்டு மீண்டும் வெடிப்புக்குள் போய்விடும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோழி நாளுக்கு நாள் வெளிறும், முட்டை குறையும். ஸ்பைரோகீட்டோசிஸ் என்ற காய்ச்சலையும் இந்த உண்ணி பரப்பும். உணவே இல்லாமல் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியது என்பதால், கூட்டைக் காலியாக விட்டுப் பயனில்லை. கூட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, வெடிப்புகளைச் சாணமும் மண்ணும் குழைத்து அடைப்பது, மரச்சட்டத்துக்குத் தார் பூசுவது, ஊதுவிளக்கால் இண்டு இடுக்குகளைச் சுடுவது ஆகிய சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த ஒரு சிறு உயிருக்காக வந்தவை. சுவரை விட்டு விலகிய, கால் வைத்த தனிக்கூடு என்ற எண்ணத்துக்கும் இதுவே காரணம்.

கழிச்சல் நோய் வேறு வகை. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும், அதை அடுத்து இமயமலையடியில் உள்ள ராணிகேத்திலும் இந்த நோய் அறியப்பட்டது. இந்தியாவில் ராணிக்கெட் நோய் என்ற பெயர் நிலைத்தது. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். கோழி இறக்கையைத் தொங்கவிட்டு, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, சிலது கழுத்து முறுக்கிக்கொண்டு சாகும். தடுப்பூசி போடாத ஊரில் புகுந்தால் கூட்டுக்கு ஒன்றிரண்டு மிஞ்சுவதே அரிது.

இங்கே கூட்டின் வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. பூனையிடமிருந்து காப்பாற்றக் கோழிகளை நெருக்கி அடைத்தார்கள். அந்த நெருக்கமே நோயை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோயிற்று. புளியமரத்தில் அடைந்த கோழி பூனைக்குப் பலியானது, பொந்தில் அடைந்த கோழி கழிச்சலுக்குப் பலியானது. தடுப்பூசி வரும்வரை எவ்வளவு நல்ல கூடு கட்டினாலும் அது பாதிக் காவலாகத்தான் இருந்தது.

வெள்ளை லெக்கார்ன் வந்த பிறகு

தமிழ்ப் பகுதியில் ஊர்க்கோழி வளர்ப்பைத் திட்டமிட்டுச் சீர்செய்ய முயன்ற முன்னோடிகளில் ஒன்று மார்த்தாண்டம். அன்று திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊரில், 1920-களில் கே. டி. பால் முன்னின்று வகுத்த திட்டப்படி ஒய்.எம்.சி.ஏ. ஓர் ஊரகச் செயல்விளக்க மையத்தை அமைத்தது. அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் அதை நடத்தினார். தேனீயும் கோழியும் அங்கு முக்கியத் தொழில்கள். வெள்ளை லெக்கார்ன் சேவல்களைக் கொடுத்து நாட்டுப் பெட்டையோடு கலக்கச் செய்தார்கள், முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டுறவாக நகரத்துக்கு அனுப்பினார்கள். ஏழைக் குடும்பம் தானே செய்துகொள்ள முடியாத எதையும் காட்டுவதில்லை என்பது அங்கு நெறியாக இருந்தது. கூடு, தீனித்தொட்டி எல்லாம் உள்ளூர்ப் பொருளில்தான். பின்னால் வந்த பல திட்டங்கள் இந்த ஒன்றை மறந்துவிட்டன.

1960-களில் யுனிசெஃப் உதவியோடு நடந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் வழியாகத் தமிழக ஊர்களுக்குள் வெள்ளை லெக்கார்ன் பரவலாக வந்தது. ஆழ்கூளக் கொட்டகை என்ற சொல்லும் அதோடு வந்தது. சிமெண்டுத் தரையில் நெல் உமியையோ நிலக்கடலைத் தொலியையோ பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, எச்சமும் உமியும் சேர்ந்து காய்ந்த எருவாக மாறவிடும் முறை இது. முறையில் குறை இல்லை. ஆனால் லெக்கார்ன் அடைகாக்காது. பருந்தைக் கண்டு பதுங்கும் சூட்டிகையும் குறைவு. வாங்கிய தீனி வேண்டும், மருந்து வேண்டும். குஞ்சுக்கு மறுபடியும் பண்ணையைத்தான் நாட வேண்டும். வீட்டு எச்சில் சோற்றிலும் கரையானிலும் வளர்ந்த கோழியை விட்டுவிட்டு இதற்குத் தாவியவர்களில் பலர், தீனி விலை ஏறியதும் கைவிட்டார்கள்.

நாமக்கல் வேறு பாதையில் போயிற்று. அங்கு 1970-களுக்குப் பிறகு பல்லாயிரம் கோழிகளை அடுக்குக் கூண்டில் வைக்கும் தொழில் வளர்ந்து, நாட்டின் முட்டைச் சந்தையில் பெரும்பங்கைப் பிடித்தது. செட்டிநாட்டில் அது வேரூன்றவில்லை. செட்டிநாட்டிலுள்ள அரசுக் கால்நடைப் பண்ணையின் பரந்த நிலத்தில் இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இன்றும் கிடக்கிறது. நிலத்துக்குப் பஞ்சமில்லை, நீருக்குத்தான் பஞ்சம்.

2012-இல் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு மோசடி வெளிப்பட்டது. ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கிய நிறுவனங்கள் கைவிரிக்க, கொங்குப் பகுதியில் வேலியிட்ட கொட்டகைகள் அனாதையாக நின்றன. நாட்டுக்கோழி ஒப்பந்தம் என்ற பெயரிலும் அதே ஏமாற்று நடந்தது. முதலில் கொட்டகையைக் கட்டு, பிறகு பணம் வரும் என்ற பேச்சைக் கேட்டால் இன்றும் பலர் பின்வாங்குவதற்கு இது ஒரு காரணம்.

புறக்கடைக் கூடு

புறக்கடை வளர்ப்புக்கு அரசின் கவனம் திரும்பியது அண்மையில்தான். 2018-19-இல் ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கு 200 பேர் என்ற கணக்கில் 77,000 பெண்களுக்குத் தலா 50 குஞ்சுகள் வழங்கும் திட்டம் வந்தது. 2021-22-இல் ஒன்றியத்துக்கு 100 பேராக 38,800 பெண்களுக்குத் தலா 40 குஞ்சுகள். நான்கு வாரம் வளர்ந்த குஞ்சாகக் கொடுத்தது நல்ல முடிவு. பிறந்த முதல் வாரங்களில்தான் சாவு அதிகம். ஆனால் ஐந்து கோழிக்குப் பழகிய வீட்டில் திடீரென்று 50 வந்தால் பொந்து போதாது. குஞ்சைக் கையில் வாங்கும் முன்பே கூடு தயாராக இருந்த வீட்டில்தான் அவை கோழியாயின.

இன்று ஊருக்கேற்றதாக அறியப்பட்டுள்ள கூட்டின் அமைப்பு இது. நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கவேண்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் நீளப் பக்கத்தில் நேராக அடிக்காது. கோடையில் வெப்பம் 38 முதல் 40 பாகை செல்சியசைத் தொடும் ஊரில் இது சிறிய செய்தி அல்ல. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இரவில் அடைய மட்டும் என்றால் ஒரு கோழிக்கு 1 சதுர அடி போதும். பகலிலும் உள்ளேயே என்றால் 2 சதுர அடி. பத்துக் கோழிக்கும் ஒரு சேவலுக்கும் 4 அடிக்கு 3 அடிப் பெட்டி கட்டலாம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கால்மேல் நிற்கட்டும். அடியில் வலை அல்லது இடைவெளி விட்ட மூங்கில் பட்டை இருந்தால் எச்சம் கீழே விழும், அள்ளிக் கத்தரிப் பாத்திக்குப் போடலாம். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

வலையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும் பெரிய கண் வலை கோழியை உள்ளே வைக்கும், பகையை வெளியே வைக்காது. பாம்புக்குட்டியும் எலியும் நுழையும், மரநாய் கையை விட்டு இழுக்கும். அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும். காசு போதாவிட்டால் கீழ்ப்பாதிக்கு மட்டுமாவது அதைப் போடலாம். கொண்டியும் வெறும் கம்பிக் கொக்கியாக இருந்தால் தட்டித் தட்டித் திறந்துகொள்ளும்.

கூரைக்குத் தகரம் போடுவது எளிது, மதியத்தில் உள்ளே அடுப்பாகிவிடும். தகரத்தின் மேல் பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்தால் சூடு குறையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைச் சாரல் உள்ளே அடிக்காமல் கூரையை நன்றாக வெளியே இறக்கவேண்டும். நனைந்த உமியிலிருந்துதான் இரத்தக்கழிச்சல் தொடங்கும். உள்ளே குறுக்காக ஒரு கம்பு. கோழி தரையில் படுப்பதைவிடக் கம்பில் அமர்வதையே விரும்பும். ஐந்து பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும், அது இருட்டாக இருந்தால் மற்ற இடங்களில் முட்டை தேட வேண்டியதில்லை.

பழையதை முழுக்கத் தள்ளவேண்டியதும் இல்லை. குஞ்சுகளுக்குப் பகல் காவலாகப் பஞ்சாரத்தை வெல்ல இன்னும் ஒன்று வரவில்லை. கரையான் வளர்ப்பதும் அப்படியே. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்துக் கரையான் உள்ள செம்மண்ணில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுக்கு இதைவிட மலிவான புரதம் இல்லை.

கழிச்சலுக்கு இப்போது தடுப்பூசி உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இருவார இலவச முகாம் நடத்துகிறது. விடிந்து மேயப் போய்விட்ட கோழியைப் பிடிப்பது எளிதல்ல. அதனால் ஊசி போட வருபவர்கள் கூடு திறக்கும் முன்பே, இருள் பிரியும் நேரத்தில் தெருவுக்குள் வந்துவிடுவார்கள். கூடு உள்ள வீட்டில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொடுக்கலாம். வேப்பமரத்துக் கிளையில் கோழி அடையும் வீட்டில், அவர்கள் சற்று அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள்.